ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் வாடகைக்கு வீடு தேடினால், "ஷீட்டு வீடு போதுமா, ஆர்.சி.சி.யே வேணுமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அந்தக் கூரை ஷீட்டை ஆஸ்பெஸ்டாஸ், ஆஸ்பெட்டாஸ் என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோம். உண்மையில் அது ஷீட்டின் பெயரே இல்லை. சாம்பல் நிற ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட். அது விரிசல் விடாமல் இருக்க, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சேர்க்கிற கனிம நாருக்குத்தான் அந்தப் பெயர்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'எரியாதது' என்று பலர் பொருள் எழுதுகிறார்கள். சரியான பொருள் 'அணைக்க முடியாதது'. கிரேக்கர்கள் அப்படி அழைத்தது சுட்ட சுண்ணாம்பை. தண்ணீர் ஊற்றினால் அடங்காமல் கொதிக்கிறதே, அதனால். நார்க் கல்லுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'அமியாண்டோஸ்', அதாவது மாசுபடாதது. அதில் நெய்த துணி அழுக்கானால் நெருப்பில் போட்டு எடுத்தால் போதும், சுத்தமாகிவிடும். முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி சுண்ணாம்பின் பெயரைக் கல்லுக்குச் சூட்டினார், அதுவே நிலைத்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'அமியாந்த்' என்றே சொல்கிறார்கள்.

தமிழில் கல்நார். கன்னடத்திலும் கிட்டத்தட்ட இதேதான், 'கல்னாரு'. புணர்ச்சி விதிப்படி கல்நெஞ்சு 'கன்னெஞ்சு' ஆவதுபோல இது 'கன்னார்' ஆக வேண்டும். ஆனால் கன்னார் என்றால் வெண்கலப் பாத்திரம் செய்கிறவர்கள். எனவே பிரித்து எழுதுவதே நல்லது என்பது என் கட்சி.

சொல்லில் உள்ள 'நார்' வெறும் உவமை இல்லை. பாறைப் பிளவுகளில் பட்டு நூல்போலப் பளபளப்பாக, நகத்தால் உரித்தால் பிரியும் இழையாகவே இது கிடைக்கிறது. நமக்கு அருகில், ஆந்திரத்தின் புலிவெந்துலாப் பகுதியில் இதை வெட்டியெடுத்தார்கள். மற்ற கல் உடைந்தால் பொடியாகும். இதுவோ நீளவாக்கில் பிளந்து பிளந்து கண்ணுக்கே தெரியாத இழைகளாகிக் காற்றில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். அங்கே தழும்பு விழுந்து நுரையீரல் இறுகுவது கல்நார் நோய். நுரையீரல் புற்றும், நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா என்னும் புற்றும் வரலாம். பீடி, சிகரெட் பழக்கமும் இருந்தால் நுரையீரல் புற்றுக்கான ஆபத்து பல மடங்காகும். நோய் வெளியே தெரிய 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகும் என்பதால்தான் யாரும் கூரையைச் சந்தேகிப்பதில்லை.

வெள்ளை, பழுப்பு, நீலம் என்று வகைகள் உண்டு. கூரைக்குப் போவது வெள்ளை. அது ஆபத்தில்லை என்று வியாபாரத் தரப்பில் ஒரு வாதம் ஓடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்போ எல்லா வகையையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. கல்நார்த் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவுகளை 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. இங்கே சுரங்கங்களுக்குத் தடை வந்த பிறகும் ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி ஆகிக்கொண்டுதான் இருந்தது.

அதற்காகத் தலைக்கு மேல் இருக்கிற ஷீட்டைப் பார்த்து இன்றே பதற வேண்டாம். உடையாத, உதிராத ஷீட்டிலிருந்து இழை அதிகம் வெளிவராது. வம்பு, கேபிள் இழுக்கத் துளை போடும்போதும், மெஷின் வைத்து அறுக்கும்போதும், பழைய வீட்டை இடித்து ஷீட்டை உடைத்துத் தெருமுனையில் கொட்டும்போதும்தான். கழற்றுவது என்றால் தண்ணீர் தெளித்து, முழுசாக இறக்க வேண்டும். பொடியை உலர்ந்தபடியே பெருக்கக் கூடாது.

புது ஷீட் வாங்கப் போனால் "ஆஸ்பெஸ்டாஸா?" என்று கேட்டுப் பயனில்லை. கடைக்காரருக்குச் சாம்பல் ஷீட் எல்லாமே ஆஸ்பெஸ்டாஸ்தான். மரக்கூழும் செயற்கை இழையும் சேர்த்த, கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட்டுகளும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். உள்ளே என்ன நார் என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.