சாலையை வெட்டாமல் குழாய்க்குள் ஒரு புதுத் தோல்

பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய் ஒன்றைக் குறுக்கே அறுத்து உள்ளே பாருங்கள். வட்டமே தெரியாது. சுவரெங்கும் பழுப்பும் ஆரஞ்சுமாகக் கொப்புளங்கள் முட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றை உளியால் தட்டினால் கெட்டியான மேலோடு உடைந்து, உள்ளே சேறு போல மெத்தென்ற துரு தெரியும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் இரும்பை அரித்ததால் வந்த வினை இது. மேலோடு உருவான பிறகு உள்ளே ஆக்சிஜன் குறைந்துவிடும். ஆனாலும் அரிப்பு நிற்பதில்லை. ஓட்டுக்கு அடியில் தனிப்போக்காகத் தொடரும். இரும்பிலிருந்து ஆற்றல் பெற்று வாழும் பாக்டீரியாக்களும் அங்கே குடியேறும்.

இதனால் நீரோட்டம் எவ்வளவு குறையும்? குழாயில் ஓடும் நீரைக் கணக்கிட உதவும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரப்படி, ஓட்டம் விட்டத்தின் 2.63ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 150 மி.மீ. குழாய் துருவால் 120 மி.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் போனது ஐந்தில் ஒரு பங்கு. ஓட்டத்தில் போவதோ 44 சதவீதம். அதோடு சுவரின் சொரசொரப்பும் சேரும். அந்தச் சூத்திரத்தில் சுவரின் வழவழப்பைக் குறிக்க ஓர் எண் உண்டு. புதுக் குழாய்க்கு அது சுமார் 130. துரு மண்டிய குழாயில் அது 60-க்கு இறங்கினால், அதே அழுத்தத்தில் பழைய ஓட்டத்தின் கால்வாசிதான் மிஞ்சும். கடைக்கோடி வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக வருவதற்கும் கலங்கி வருவதற்கும் இப்படிப்பட்ட குழாய் பல நேரம் காரணமாக இருக்கும்.

ஆனால் துருவைச் சுரண்டிவிட்டால் அடியில் உறுதியான இரும்புச் சுவர் இருக்கவும் கூடும். அப்படிப்பட்ட குழாயைப் பிடுங்கி எறிவது எனக்கு மனசுக்கு ஒப்பாத வேலை. உள்சுவருக்கு மட்டும் ஒரு தோல் போர்த்தினால் போதுமே என்ற யோசனை அங்கிருந்துதான் பிறந்தது. முதலில் சிமென்ட் கலவையை இயந்திரத்தால் உள்ளே பூசினார்கள். 1970-களின் பிற்பகுதியில் பிரிட்டனில் எபாக்சி என்ற, இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசினைத் தூவும் முறை உருவானது. பிறகு அதே போல இறுகும் பாலியூரித்தேன், பாலியூரியா என்ற பிளாஸ்டிக் வகைகளும் வந்தன.

வேலையில் பெரும்பகுதி தூவுவதற்கு முன்னாலேயே நடக்கிறது. பழுதுபார்க்கும் பகுதிக்குத் தரைமேல் தற்காலிகக் குழாய் போட்டு வீடுகளுக்கு நீர் தருவார்கள். பிறகு நூறு மீட்டர் அல்லது சற்றுக் கூடுதல் இடைவெளியில் இரண்டு குழிகள் மட்டும் தோண்டுவார்கள். எஃகுச் சுரண்டியை இழுத்தோ, உயரழுத்த நீரைப் பீய்ச்சியோ துருவைப் பெயர்த்து, நுரைப்பஞ்சு உருளையை உள்ளே ஓட்டித் துடைத்து, கேமராவை அனுப்பிப் பார்ப்பார்கள். இந்தக் கட்டத்தில் அவசரம் காட்டினால் பின்னால் செய்யும் அத்தனையும் வீண். துருத்தூள் மேல் பூசிய பிசின் துருத்தூளைத்தான் பிடித்திருக்கும், இரும்பை அல்ல.

ஈரம் இன்னொரு எதிரி. பாலியூரித்தேன் கலவையில் சேரும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். பூச்சு இறுகும் முன் அந்த வாயு குமிழிட்டு ஊசித்துளைகளை விட்டுச் செல்லும். பழைய வால்வு ஒன்று சரியாகப் பிடிக்காமல் மெல்லக் கசிந்தாலே போதும். குழாயின் அடிப்பகுதி நெடுக ஈரக்கோடு விழுந்து, அந்தக் கோட்டில் பூச்சு ஒட்டாது.

தூவும் முறையில் பிசினும் கெட்டிப்படுத்தியும் தனித்தனிக் குழல்களில் சூடாகவே பயணம் செய்கின்றன. இரண்டு ட்யூப்களாக வரும் பசையைப் பிதுக்கிக் கலப்போமே, அதே ஏற்பாடுதான். தூவும் தலைக்குச் சற்று முன்னால், உள்ளே திருகுத் தகடுகள் கொண்ட ஒரு சிறு குழாயில்தான் அவை முதன்முதலாகச் சந்திக்கும். அங்கிருந்து, காற்றழுத்தத்தில் அதிவேகமாகச் சுழலும் தலைக்குப் போகும். நனைந்த குடையைச் சுழற்றினால் விளிம்பிலிருந்து துளிகள் நாலாபக்கமும் தெறிக்குமே, அப்படி அது சுவரைச் சுற்றிச் சீராகப் படியும். குழலை மறுகோடி வரை முதலில் நுழைத்துவிட்டு, தூவிக்கொண்டே பின்னோக்கி இழுப்பார்கள்.

பூச்சின் கனத்தைத் தீர்மானிப்பது பம்ப் தள்ளும் அளவும் இழுக்கும் வேகமும்தான். 150 மி.மீ. குழாயில் 1 மி.மீ. கனத்துக்கு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.47 லிட்டர் கலவை வேண்டும். பம்ப் நிமிடத்துக்கு 2 லிட்டர் தள்ளினால் நிமிடத்துக்குச் சுமார் நாலேகால் மீட்டர் இழுக்க வேண்டும். வேகம் பாதியானால் கனம் இரட்டிப்பாகும். அதிகம் படிந்த கலவை மேலிருந்து வழிந்து அடியில் தேங்கும்.

தொடங்கும் முன் இரண்டு திரவங்களையும் தனித்தனிக் கோப்பைகளில் பிடித்து எடை போட்டுப் பார்ப்பார்கள். சின்னச் சோதனைதான், ஆனால் நான் மிகவும் மதிக்கும் சோதனை. விகிதம் பிசகினால் வினைபுரியாமல் மிஞ்சும் மூலப்பொருள் குடிநீரில் கசியலாம். அதனால்தான் குடிநீருக்குச் சோதித்து அங்கீகரிக்கப்பட்ட பூச்சை மட்டுமே உள்ளே விட வேண்டும். ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது என்பதால் தூவுபவர்களின் மூச்சுக்கும் பாதுகாப்பு அவசியம்.

எபாக்சி இறுகப் பெரும்பாலும் ஓர் இரவு பிடிக்கும். பாலியூரித்தேன் பூசினால் அன்றே குழாயைக் கழுவிக் கிருமிநீக்கி நீரைத் திறந்துவிடலாம். பாலியூரியா சில நொடிகளிலேயே இறுகத் தொடங்கிவிடும். அந்த வேகத்தால்தான் அதை வழியவிடாமல் கனமாகப் படியவைக்க முடிகிறது. மெல்லிய பூச்சுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய குழாயிலிருந்து வீடுகளுக்குப் பிரியும் துளைகளை அது பெரும்பாலும் அடைப்பதில்லை. பிசினில் ஊறிய துணியுறையை உள்ளே விரிக்கும் முறையில் அந்தத் துளைகள் மூடிப்போகும். ஒவ்வொன்றையும் ரோபோ கொண்டு மீண்டும் திறக்க வேண்டியிருக்கும்.

1 மி.மீ. பூச்சு துருவைத் தடுக்கும், ஓட்டத்தை மீட்கும். குழாய்க்கு வலு தராது. மண்பக்க அரிப்பு அதன்பாட்டுக்குத் தொடரும். வார்ப்பிரும்பில் இரும்பு மட்டும் கரைந்து கிராஃபைட் எஞ்சினால், குழாய் பார்வைக்கு முழுசாக இருக்கும். கத்தியால் கீறினால் பென்சில் முனை போலச் சீவிக்கொண்டு வரும். அத்தகைய குழாய்க்கு, தானே அழுத்தத்தைத் தாங்கும் அளவு கனமான பாலிமர்ப் பூச்சு தேவை. அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பூச்சு இரும்போடு இறுகப் பிடித்திருந்தால், இரும்பு சட்டென்று முறியும்போது விரிசல் பூச்சுக்குள்ளும் பாய்ந்துவிடலாம். முறிந்த இடத்தருகே பூச்சு சற்றே விடுபட்டு நீளக்கூடியதாக இருந்தால் பிளவின் குறுக்கே பாலம்போல நின்று தண்ணீரைத் தாங்கும். இதை உறுதிசெய்யத்தான், பூசிய குழாய்க்குள் நீரழுத்தத்தை ஏற்றி, வேண்டுமென்றே அதை முறித்துப் பார்க்கிறார்கள்.