ஜிபேயில் வருவதெல்லாம் வருமானமா? கடைக்கும் சம்பளத்துக்கும் வரிக்கணக்கு

2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு கடைக்காரர்கள் பலருக்கு, யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. பெங்களூரில் பல கடைகளில் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு, பணமாக மட்டும் வாங்கத் தொடங்கினார்கள். "அக்கவுண்டில் விழுவதை எல்லாம் வருமானம்னு எடுத்துக்குவாங்களா?" என்ற பயம் தமிழ்நாட்டிலும் உண்டு. அந்தப் பயத்தால் கடைக்காரருக்குத்தான் நஷ்டம்.

ஜிஎஸ்டி வேறு, வருமான வரி வேறு. ஜிஎஸ்டி விற்பனையைப் பார்க்கும். பொருள் மட்டும் விற்பவரின் ஆண்டு விற்பனை தமிழ்நாட்டில் 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். ரொக்கமாக வாங்கினாலும் அந்த விற்பனை கணக்கில் சேரும். ஆகவே அட்டையை எடுத்துவிடுவதால் தப்பிக்க முடியாது.

வருமான வரி லாபத்தின் மேல். வரவு செலவு நோட்டு எழுத முடியாத சிறு வியாபாரிக்காகவே 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்ற பிரிவு இருக்கிறது. ஆண்டு விற்பனை 2 கோடி வரை (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை) இதில் வரலாம். ரொக்க விற்பனையில் 8 சதவீதமும், வங்கி, யுபிஐ வழியாக வந்ததில் 6 சதவீதமும் லாபம் என்று வைத்துக்கொள்வார்கள். அதாவது யுபிஐயில் வாங்கினால் லாபக் கணக்கு குறைகிறது.

ஒரு மளிகைக் கடைக்கு ஆண்டு விற்பனை 90 லட்சம். ரொக்கம் 30 லட்சம், யுபிஐ 60 லட்சம். 2.40 லட்சமும் 3.60 லட்சமும் சேர்த்து லாபம் 6 லட்சம். எல்லாம் ரொக்கமாக இருந்திருந்தால் 7.20 லட்சம். உண்மையில் லாபம் இதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். கமிஷன், தரகு, ஏஜென்சி தொழிலுக்கு இந்த வழி கிடையாது. டாக்டர், வக்கீல் போன்றவர்களுக்கு வரவில் பாதி லாபம் என்ற தனிக் கணக்கு.

வருமான வரியைக் கணக்கிட, கழிவுகள் அதிகமுள்ள பழைய முறை, கழிவுகள் குறைந்த புதிய முறை என இரண்டு உண்டு. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரியில் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. கட்ட வேண்டிய வரி பூஜ்யம். நம் மளிகைக்காரருக்கும் அப்படித்தான். ஆனால் விற்பனை 60 லட்சத்தைத் தாண்டியதால் ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்குத் தாக்கல்) போட்டே ஆக வேண்டும். வரி இல்லை என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பின்னால் கடன் கேட்டுப் போகும்போது வங்கி முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

சம்பளக்காரருக்குச் செலவுக் கணக்கு காட்ட இடமில்லை. பதிலாகப் புதிய முறையில் சம்பளத்திலிருந்து 75,000 ரூபாயைக் கழித்துவிட்டு வரி போடும் நிலையான கழிவு உண்டு, அதனால்தான் 12.75 லட்சம் சம்பளம் வரை வரி வராது. அதற்கு மேல் போனால் நிறுவனமே ஆண்டு வரியைக் கணக்கிட்டு மாதாமாதம் பிடித்துவிடும். நடுவில் வேலை மாறினால் பழைய சம்பள விவரத்தைப் புதிய இடத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு இடத்திலும் கழிவும் தள்ளுபடியும் தனித்தனியாகப் போட்டு, பிடித்தது குறைந்து, ரிட்டர்ன் போடும்போது பெரிய தொகை மொத்தமாக வந்து நிற்கும்.

பழைய முறைக்குப் போவதிலும் வித்தியாசம் உண்டு. சம்பளம் மட்டும் உள்ளவர் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய்த் திரும்பிவிட்டால், தொழில் இருக்கும்வரை மறுபடி போக முடியாது. அதேபோல 44ஏடியில் வந்தவர் 5 ஆண்டுக்குள் விலகினால், அடுத்த 5 ஆண்டுக்கு உள்ளே வர முடியாது.

கடைக்காரருக்கு வரி பிடித்துக் கட்ட ஆள் இல்லை. ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால், 44ஏடியில் இருப்பவர் மார்ச் 15க்குள் ஒரே தவணையாக முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்ட வேண்டும். தவறினால் வட்டி சேரும்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம்தான். அதில் 44ஏடி போன்ற பிரிவு எண்கள் வேறு. ஆடிட்டரிடம் பேசும்போது எந்த ஆண்டுக் கணக்கு என்று முதலில் சொல்லுங்கள்.