எரர் வரவில்லை என்றால் சரியாகிவிட்டதா?

பழைய ப்ரோகிராமைப் புதிய சர்வரில் ஓட வைத்தபின் எரர் இல்லாமலே தப்பான பதில் காட்டுவது, இந்த வருடத்தில் இது மூன்றாவது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. டையிங்குக்கு (சாயம் போட) போன துணியில் எந்த லாட் (ஒரு தடவையில் அனுப்பிய துணி) திரும்பவில்லை என்று பார்க்க, பிஎச்பி என்ற ப்ரோகிராம் மொழியில் எப்போதோ எழுதியது. சர்வரில் பிஎச்பியை 5.6-இலிருந்து 8-க்கு மாற்றியதும் நின்றுபோனது. தெரிந்த தம்பி ஒருவர் ஒரே மதியத்தில் ஓட வைத்துவிட்டார். பாக்கிப் பட்டியல் பாதியாகக் குறைந்தது. "டையிங்காரங்க இப்பத்தானுங்க சொன்ன தேதிக்குக் குடுக்கறாங்க" என்று முதலாளிக்குச் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்து கட்டிங் மேஜை காலியாகக் கிடந்தபோதுதான் தெரிந்தது, துணி டையிங்கிலேயே இருக்கிறது. பட்டியலில் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

நான் போய் பழைய பிஎச்பியிலும் புதியதிலும் ஒரே டேட்டாவை ஓட்டினேன். பழையதில் 63 வரி, புதியதில் 31.

வந்த எடை என்ற கட்டத்தை அன்றைக்கு எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்திருந்தார்கள். துணி வராத லாட்டுக்கு ஆபீசில் ஒரு அக்கா 0 என்று அடிப்பார், இன்னொருவர் காலியாக விடுவார். ப்ரோகிராம் இரண்டு சமக்குறி போட்டு "எடை 0-க்குச் சமமா" என்று கேட்கும். பிஎச்பி 7 வரை காலி எழுத்தும் 0-ம் சமம். 2020-இல் வந்த 8.0-இலிருந்து சமமில்லை. காலியாக விட்ட 32 லாட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயின.

"எரர் எதும் வரலீங்களே, அப்ப சரிதானுங்களே?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இல்லைங்க. எடுத்துவிட்ட ஃபங்ஷன் கத்திக்கொண்டு நிற்கும், அது நல்லது. அர்த்தம் மாறிய குறி கத்தாது, தப்பான பதிலை நல்ல பதில் மாதிரியே காட்டும். பழைய டேட்டாவுக்குப் பழைய பதிலே வருகிறதா, அதுதான் கேள்வி. திரை வருகிறதா என்பது அல்ல.

எழுதும் தம்பிகளுக்கு. டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் போகப்போகின்றன என்று 2013-இலேயே பிஎச்பி 5.5-இல் சொல்லி, 2015 டிசம்பரில் 7.0-இல் எடுத்தே விட்டார்கள். இன்னும் ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு, அதற்குப் பதிலான மைஎஸ்கியூஎல்ஐ ஃபங்ஷன்களுக்கு மாற்றாதீர்கள். பழையதில் கொயரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) முதலில், கனெக்‌ஷன் பிறகு, புதியதில் தலைகீழ். பழைய பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் எழுதி உள்ளே புதியதைக் கூப்பிடுங்கள். நானூறு இடத்தில் கை வைப்பதற்கு ஒரு ஃபைலில் வைத்தால் போதும். ஃபங்ஷனுக்கு முன்னால் @ போட்டு எரரின் வாயை மூடாதீர்கள். அப்புறம், இரண்டு சமக்குறி இருக்கிற ஒவ்வொரு வரியையும் உட்கார்ந்து படியுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். அதற்குத்தான் கூலி.

முதலாளிமார்களே, சர்வர் மாற்றப்போவதாக மெயில் வந்தால் தயவுசெய்து அன்றைக்கே சொல்லுங்கள், நின்றபிறகு வேண்டாம். மாற்றுவதற்கு முந்தின நாள் பாக்கிப் பட்டியல், ஸ்டாக், பார்ட்டி கணக்கு மூன்றையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். மாற்றியதும் அதே தேதிக்கு மறுபடி எடுத்து, வரி வரியாக டிக் அடியுங்கள். ஒரு வரி குறைந்தாலும் வேலை முடித்தவருக்குக் காசு கொடுக்காதீர்கள், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.