சாமை விளையும் ஊரில் சாமைச் சோறு எங்கே?

பெங்களூரில் சிறுதானியத்துக்கு இப்போது நல்ல மவுசு. 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாக வந்து போனதிலிருந்து கேட்கவே வேண்டாம், கோரமங்களாவில் எந்த சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்தாலும் சாமை, தினை, வரகு என்று ஒரு அலமாரியே இருக்கிறது. இதே ஊரில் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் நம் மலைக்கிராமத்துப் பெண்களுக்கு முகாமில் ரத்தம் பார்த்தால், ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பது என்று குறைவாகத்தான் வருகிறது. சாமை விளைவிக்கிற குடும்பங்கள்தான். ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும் என்கிறார்கள்.

உணவியல் ஆலோசகராக என் வேலையில் பாதி இங்கே, மீதி ஜவ்வாது மலைப் பக்கம் மகளிர் குழுக்களோடு. விலையில்லா ரேஷன் அரிசி வயிறு காயாமல் பார்த்துக்கொள்கிறது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் வயிறு நிறைவது வேறு, சத்து சேர்வது வேறு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எலும்புக்கு வேண்டிய கால்சியத்தையும் பாருங்கள்: 100 கிராம் கேழ்வரகில் அது ஏறக்குறைய 350 மில்லிகிராம், தீட்டிய அரிசியில் 10-ஐ ஒட்டித்தான். இந்தத் தானியங்கள் மட்டும் ரத்தசோகையைத் தீர்த்துவிடாது. கீரை, பருப்பு, முட்டை எல்லாம் வேண்டும், அவற்றை வாங்கக் கையில் காசும் வேண்டும். அதனால்தான் ஊருக்குள்ளேயே ஒரு தொழில் வேண்டும் என்கிறேன்.

சரி, விளைந்த சாமை ஏன் அடுப்புக்கு வரவில்லை? மலையில் ஒரு அம்மா சொன்னார்: "யாரும்மா உரல்ல குத்தறது? குத்தித் தீட்டி அரிசியாக்கி உலை வைக்கிறதுக்குள்ள பாதி நாள் போயிடும். மூட்டையா போட்டுட்டா கையில பணம்." கேழ்வரகை அப்படியே திரித்து மாவாக்கிவிடலாம், சாமைக்கு உமி நீக்க வேண்டும். உமியோடு வியாபாரியிடம் போகும் மூட்டைகளில் நிறைய நாசிக் ஆலைகள் வரைக்கும் போகிறது. அங்கே அரிசியாகித்தான் நம் அலமாரிக்கு வருகிறது. மதிப்பு கூடுகிற வேலை எல்லாம் ஊருக்கு வெளியே நடந்துவிடுகிறது.

அப்படியென்றால் ஒரு உமி நீக்கும் மெஷினை வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று இங்கே ஐடி நண்பர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் மெஷின்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு ஊரில் மும்முனை மின்சாரம் இல்லை, இன்னொரு ஊரில் பெல்ட் அறுந்தால் மாற்ற ஆள் இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், அறுவடை மாதத்தில் குழுவின் கையில் பணம் இருக்காது. வியாபாரி களத்துக்கே வந்து ரொக்கம் கொடுப்பார், குழுவோ "விற்றதும் தருகிறோம்" என்று சொல்லும். பள்ளிக்கட்டணமும் பழைய கடனும் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் யார் காத்திருப்பார்கள்? மெஷினுக்கு மானியம் கிடைத்துவிடுகிறது, அந்த ஒரு மாதத்துக்கான சுழல்பணத்தைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

நான் வேலை செய்யும் குழுக்களிடம் பிடிவாதமாகக் கேட்பது ஒன்றுதான்: முதல் வாடிக்கையாளர் உங்கள் ஊராக இருக்கட்டும். உறுப்பினர் தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு அரைக்கக் குறைந்த கூலி, அப்புறம் அங்கன்வாடி, பள்ளி, பக்கத்து ஊர்ச் சந்தை, மிஞ்சியதுதான் பெங்களூருக்கு. இதைத் தலைகீழாகச் செய்த இடங்களில் வருமானம் வந்திருக்கிறது, குழந்தைகளின் எடை ஏறவில்லை.

இது ஆகாத கனவு இல்லை. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்த தலித் பெண்கள் 1990-களிலேயே தரிசு நிலத்தைத் திருத்தக் கடன் கொடுத்து, அதைத் தானியமாகத் திரும்ப வாங்கி, ஊரிலேயே சேமித்து, ஏழை வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். எந்த வீடு ஏழை என்பதையும் ஊர்தான் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. நம் பக்கமும் சளைத்ததில்லை, தமிழ்நாட்டின் சுய உதவிக் குழுக்களே 1989-இல் தருமபுரியில் தொடங்கியவைதான். 2022-இல் ஆரம்பித்த பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் குழுப் பெண்கள். அங்கன்வாடி உணவுக்கு ஒப்பந்ததாரர்கள் வேண்டாம், ஊர் மக்களையும் மகளிர் குழுக்களையும் பயன்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. வாங்குகிற இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, விற்கிற குழுவைத்தான் தயார் செய்ய வேண்டும்.

பெங்களூரில் இருந்துகொண்டு உதவ நினைப்பவர்கள் தீபாவளிக்கு ஒரு பெட்டி சாமை லட்டு வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் அடுக்குமாடியில் பத்து வீடு சேர்ந்து, ஆறு மாதத்துக்குத் தேவையான சாமை அரிசியை ஒரு குழுவிடம் சொல்லி, பாதிப் பணத்தை அறுவடைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வியாபாரி வரும் நாளில் அவர்கள் கையில் ரொக்கம் இருக்கும். அரிசியை மாதாமாதம் அரைத்து அனுப்பச் சொல்லுங்கள். தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் உமி நீக்கிய சாமை நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். வெள்ளை வெளேரென்று தீட்டிக் கேட்காதீர்கள், சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதையும் கேளுங்கள்: இந்த வருஷம் உங்கள் வீடுகளுக்கு எத்தனை மூட்டை எடுத்து வைத்திருக்கிறீர்கள்?