அலுமினிய டப்பிக்குள் ஈரக் காகிதம்

"மகள் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறாள். நாற்பதாயிரத்துக்குள் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வேண்டும். கேபினெட்டோடு 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். சும்மாவே தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா சார்?" என்று திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். பதில் அவ்வளவுதான். (எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி.) ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்லப் போனால், எனக்கு ரொம்பவும் பிடித்த ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் பேசியாக வேண்டும். அந்தச் சாக்கில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. இந்தப் பட்ஜெட்டில் வருவது ஐ3-12100 அல்லது ரைசன் 5600ஜி போன்ற ஒரு பிராசஸர். ஐ3 முழு மூச்சில் ஓடினாலும் 89 வாட்தான் அதன் உச்சம். ரைசனும் ஏறக்குறைய அதே அளவுதான். மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் 150 வாட்டைத் தாண்டாது. அப்படியென்றால் 500 வாட் தாராளம்தானே? எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். தரும் பல லைன்களில் இன்றைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் சாப்பிடுவது 12 வோல்ட் லைனில். அதற்கு நேரே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பன்னிரண்டைப் பதினாறால் பெருக்குங்கள்: 192 வாட். மீதி முந்நூறு வாட்டில் பெரும்பகுதி ஸ்டிக்கர் அடித்தவரின் கற்பனையில் இருக்கிறது.

சரி, அந்த 192 வாட்டாவது ஒழுங்காக வருமா, எத்தனை வருஷம் வரும்? இங்கேதான் என் கதாநாயகன் வருகிறான்: எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். பள்ளியில் மின்தேக்கி என்று படித்தோமே, அதில் ஒரு வகை.

எஸ்.எம்.பி.எஸ். செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி.யை டையோடுகள் ஒரே திசைக்குத் திருப்புகின்றன. அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். அந்த மின்சாரத்தை ஒரு டிரான்சிஸ்டர் வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்ப, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அதை 12 வோல்ட்டாக இறக்குகிறது. ஏ.சி. வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. அந்த இடைவெளிகளை நிரப்புவது உள்ளே இருக்கும் ஒரு கட்டை விரல் பருமன் கெபாசிட்டர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் நிற்காது. கரண்ட் கண் சிமிட்டும்போதும், யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும் சில மில்லிவினாடிகளிலும் கம்ப்யூட்டர் அணையாமல் இருப்பது இந்தத் தொட்டியின் தயவில்தான்.

இனி கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அந்த அலுமினிய உருளைக்குள் இருப்பது இரண்டு அலுமினியத் தாள்கள், இடையிடையே காகிதம், எல்லாவற்றையும் சேர்த்துப் பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருப்பார்கள். காகிதம் மின்பகுளி என்ற, மின்சாரம் கடத்தும் ஒரு திரவத்தில் ஊறியிருக்கும். இரண்டு தகடு, நடுவே மின்காப்புப் பொருள் என்பதுதானே பாடம்? காகிதம்தான் அந்தக் காப்பு என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை! ஒரு தாளின் மேல் படிய வைத்திருக்கும் அலுமினியம் ஆக்சைடு படலம்தான் காப்பு. ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 1.4 நானோமீட்டர் கனம். மதர்போர்டில் இருக்கும் 16 வோல்ட் கெபாசிட்டர் என்றால் சில பத்து நானோமீட்டர்தான். தகடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அதிகம் மின்னூட்டம் தேங்கும் என்பதால், இந்த மெல்லிசுதான் இதன் பலம். போதாததற்கு, அந்தத் தாளை அமிலத்தில் அரிக்க விட்டு, கடற்பஞ்சு மாதிரிக் குழிகுழியாக்கி, பரப்பைப் பல பத்து மடங்கு பெருக்கியிருப்பார்கள். அந்தக் குழிகளுக்குள் இன்னொரு தகட்டை எப்படி நுழைப்பது? நுழைக்க முடியாது. அதனால் திரவமே இரண்டாவது தகடு. இண்டு இடுக்கெல்லாம் புகுந்துவிடும். இரண்டாவது அலுமினியத் தாள் அந்தத் திரவத்துக்குப் போகும் வெறும் இணைப்புக் கம்பிதான்.

இதைவிட அழகு ஒன்று இருக்கிறது. இத்தனை மெல்லிய படலத்தில் அங்கங்கே ஓட்டை விழாமலா இருக்கும்? விழும். விழுந்த இடத்தில் கொஞ்சம் மின்சாரம் கசியும். அந்தக் கசிவே திரவத்தில் உள்ள நீரைப் பிரித்து ஆக்சிஜனை அலுமினியத்தோடு சேர்க்க, அங்கே புது ஆக்சைடு வளர்ந்து ஓட்டை அடைபட்டுவிடும். முழங்காலில் பட்ட சிராய்ப்பு பொருக்குத் தட்டி ஆறுவது போல. உங்கள் மேஜைக்கு அடியில் உறுமிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் இந்த வைத்தியம் சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

வைத்தியத்துக்கு மருந்து அந்த ஈரம்தான். ஈரம் காய்ந்தால் கதை முடிந்தது. அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு வழியாகத் திரவம் ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. திரவம் குறையக் குறைய உள்தடை ஏறும், தடை ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் இன்னும் வேகமாகக் காயும். சூடு கூடினால் வேதிவினை எப்படி வேகம் பிடிக்கும் என்று சூத்திரம் எழுதியவர் ஸ்வீடனின் அர்ஹீனியஸ், 1889-இல். அதிலிருந்து வந்த கைக்கணக்கு இது: பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு.

கெபாசிட்டரின் உடம்பிலேயே 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். இரண்டுக்கும் அந்தந்தச் சூட்டில் 2000 மணி நேர ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். நம்மூர் மே மாதத்தில், மூடிய பெட்டிக்குள், அது 65 டிகிரியில் வேலை செய்கிறது. 85 டிகிரி ரகம் இரண்டு முறை இரட்டிப்பாகி 8000 மணி நேரம் தாங்கும். தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் ஆயிரம் நாள். மூன்று வருஷம்கூட இல்லை. 105 டிகிரி ரகம் நான்கு முறை இரட்டிப்பாகி 32,000 மணி நேரம், ஏறக்குறைய பதினொரு வருஷம். பிளஸ் ஒன் படிக்கும் பெண் வேலைக்குப் போய்ச் சம்பளத்தில் புதுசு வாங்கும்வரை ஓடும். இரண்டு ரகத்துக்கும் விலை வித்தியாசம் அற்பம். இலவசமாகத் தருபவர் அந்த அற்பத்திலும் மிச்சம் பிடிக்கிறார்.

என் முதல் கம்ப்யூட்டர் இப்படித்தான் போனது. சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியது. மூன்றாவது வருஷம் தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. வைரஸ் என்றார்கள், விண்டோஸைப் புதுசாக ஏற்றினேன். ரேம் என்றார்கள், கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காததுதான் காரணம் என்றார் பெரியம்மா. வைத்த வருஷமும் ரீஸ்டார்ட் ஆனது. கூடவே ஃபேன் கொஞ்சம் விபூதியையும் உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியில் ஒரு நாள் 'டப்' என்று சத்தம், மீன் கருகிய மாதிரி வாடை. எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அது என் ஒருவனின் துரதிர்ஷ்டம் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மதர்போர்டுகளில் கெபாசிட்டர்கள் வீங்கி வெடித்தன. நீர் அதிகமுள்ள மின்பகுளி நல்லதுதான், உள்தடை குறையும். ஆனால் நீர் அலுமினியத்தைத் தின்னாமல் தடுக்கச் சரியான வேதிப்பொருளும் சேர்க்க வேண்டும். அது சரியில்லாத சரக்கில் ஹைட்ரஜன் வாயு பெருகித் தலையைப் பிளந்தது. காப்பியடித்த சூத்திரத்தில் பாதி விட்டுப்போனதுதான் காரணம் என்று ஒரு கதையும் உலவியது.

ஒரு திரவத்தின் செய்முறையில் எவ்வளவு அடங்கியிருக்கிறது பாருங்கள். காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்குகிறது, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவானது. ராக்கெட் விட்டால் டி.வி.யில் நேரலை வருகிறது. ரப்பர் அடைப்பு, ஈரக் காகிதம் என்று ஆராய்ச்சி செய்தால் யார் வருவார்கள்? என்னைக் கேட்டால், அடுத்த பட்ஜெட்டில் இந்த மாதிரிச் சுவாரசியமில்லாத தலைப்புகளுக்குத்தான் முதலில் நிதி ஒதுக்குவேன்.

திருநெல்வேலி நண்பருக்கு: கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் உள்ள கேபினெட்டை விட்டுவிட்டு, அந்தக் காசில் '80 பிளஸ்' முத்திரையுள்ள 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். தனியாக வாங்குங்கள். அந்த முத்திரை மின்சாரம் வீணாவதைத்தான் அளக்கிறது, ஆனால் வீணாவது எல்லாம் சூடாகத்தானே போகும்? 150 வாட் கொடுக்க, 85 சதவீதத் திறனுள்ளது 26 வாட்டைச் சூடாக்கும். 65 சதவீதம் என்றால் 80 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றைப் பெட்டிக்குள் எரியவிட்ட மாதிரி. பில்லில் வாரண்டி எத்தனை வருஷம் என்று எழுதி வாங்குங்கள். ஆர்வத்தில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்துவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டர் தொட்டியில் 300 வோல்ட் மிச்சம் இருக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் மதர்போர்டு வாங்கும் யோசனையும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய கெபாசிட்டர்களின் தலையில் பெருக்கல் குறி மாதிரிக் கீறல் இருக்கும். கீறல் தட்டையாக இருந்தால் பேரம் பேசலாம். ஒன்றே ஒன்று மேடு தட்டியிருந்தாலும், அல்லது அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.