ஒடுக்கெடுப்பதன் இயற்பியல்

கார் கதவில் குழி விழுந்தால், அந்த இடத்தில் ஏதோ குறைந்துவிட்டதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அங்கே தகடு கூடியிருக்கிறது. மோதிய வேகத்தில் உலோகம் இழுபட்டு, மெலிந்து, முன்பிருந்ததைவிடப் பரப்பில் பெரிதாகிவிட்டது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சீரமைப்பவர்கள் படும் பாட்டில் பாதி, இந்த உபரிப் பரப்பை என்ன செய்வது என்பதுதான்.

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப்பை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 70,000-க்கும் மேல் செய்யப்பட்ட கார் அது. வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். அதன் வெளித்தகட்டில் தட்டையான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எஞ்சினைத் தாங்க முன்புறம் ஒரு குழாய்ச் சட்டகம் உண்டு. மற்றபடி தனிச் சேஸி கிடையாது. ஏறத்தாழ 1 மி.மீ. எஃகுத் தகடுகளை மடித்துப் பெட்டிகளாகப் பற்றவைத்து, உடலே பாரம் சுமக்கும்படி செய்தார்கள்.

அந்தப் பெட்டிகள்தான் துருவின் குடியிருப்பு. கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் ‘சில்’ பெட்டியில், தகடுகளின் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்திருப்பார்கள். அந்த இடுக்கில் பெயின்ட் நுழையாது, தண்ணீர் நுழையும். இடுக்கின் வாயில் ஆக்சிஜன் அதிகம், உள்ளே குறைவு. இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலத்தை உண்டாக்க, ஆக்சிஜன் குறைந்த உட்பகுதி அரிக்கப்படுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஆகவே விளிம்புகளை நெம்பித் திறந்து, இன்னும் தண்ணீருக்கு வழிவிடும். வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரிகிற நாளில் உள்ளே பெட்டி சல்லடையாகியிருக்கலாம்.

சில்லை வெட்டி எடுப்பது எளிது. ஆனால் அது காரின் முதுகெலும்பு. கூரையில்லாத மாடலில் அதை அப்படியே அறுத்தால், உடல் தன் எடையாலேயே நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையில் புதுச் சில்லை வெல்டிங் செய்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். பிறகு கதவு மூடாது. அதனால்தான் கத்தி வைக்கும் முன்பே கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்துக்குப் போகிறார்கள்.

இனி ஒடுக்கு. தகட்டின் பின்னால் இரும்புக் கட்டியை அணைகொடுத்து முன்னாலிருந்து சுத்தியலால் தட்டுவது, எல்லா டிங்கரிங் பட்டறைகளிலும் பார்க்கிற காட்சிதான். கட்டிக்கு நேர் மேலே தட்டினால் இரண்டுக்கும் நடுவே சிக்கும் உலோகம் நசுங்கி விரியும். சற்றுத் தள்ளித் தட்டினால் விரியாமல் மேடு இறங்கும். அனுபவமில்லாத கை நேர் மேலேயே தட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் பரப்பு கூடும், கூடவே படிக அடுக்குகளில் குறைபாடுகள் பெருகி ஒன்றையொன்று மறித்துக்கொள்வதால் தகடு விறைக்கும். கடைசியில் வளைவு சரியானதுபோல் தோன்றும். விரலால் அழுத்தினால் தகர டப்பாவின் மூடிபோல ‘டக்’கென்று உள்ளே போய் வெளியே வரும். சுற்றியுள்ள எல்லைக்குள் அடங்காத உபரித் தகடு, எந்தப் பக்கம் உப்புவது என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறது.

இதற்குள்ள வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது: சுருக்குவதற்காகச் சூடாக்குவது. மிகுந்த இடத்தில் 10 மி.மீ. அளவுள்ள ஒரு புள்ளியைக் கேஸ் சுடரால் செந்நிறம் வரும்வரை, சுமார் 700 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குகிறார்கள். எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். கணக்குப் போட்டால், அந்தப் புள்ளி 0.08 மி.மீ. அளவு அகல விரும்பும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இடம் கொடுக்காது. சூட்டில் வலிமை கால்வாசியாகக் குறைந்துவிட்ட எஃகு அந்த நெருக்கத்தை எதிர்க்க முடியாமல் தடிமனில் வீங்கும். சுத்தியலால் மென்மையாகத் தட்டி அந்த வீக்கத்தை உறுதி செய்வார்கள். குளிரும்போது புள்ளி சுருங்குகிறது. ஆனால் இப்போது அது தடித்த, குறுகிய புள்ளி. சுற்றுத் தகட்டைத் தன்னை நோக்கி இழுக்கும். சிலர் ஈரத்துணியை ஒற்றி வேகமாகக் குளிர்விப்பார்கள். ஒரு புள்ளியில் கிடைக்கும் பலன் ஒரு மயிரிழைதான். ஆனால் உபரி என்பதும் சில மயிரிழைகளின் கூட்டுத்தொகைதானே. பேராசைப்பட்டு ஒரே நேரத்தில் பெரிய பரப்பைச் சூடாக்கினால் தகடு முழுவதும் நெளியும்.

மிச்சமிருக்கும் பள்ளத்தை என்ன செய்வது? தடிமனாகப் பட்டி பூசுவது மலிவு, விரைவு. ஆனால் ஈ-டைப் காலத்துத் தொழிற்சாலைகள் இணைப்புகளை மூடப் பயன்படுத்தியது ஈயம், அதாவது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு (சால்டர்); நல்ல பட்டறைகள் இன்றும் அதையே விரும்புவதை வெறும் பழைமைப் பித்து என்று நான் ஒதுக்கமாட்டேன். எலக்ட்ரானிக்ஸ் வேலையில் நெடுங்காலம் புழங்கிய ஈயப் பற்றாசில் 63 விழுக்காடு வெள்ளீயம். அது 183 டிகிரியில் சட்டென்று உருகி ஓடிவிடும். கார் வேலைக்கான கலவையில் ஈயம் சுமார் 70, வெள்ளீயம் 30. இது 183 டிகிரியில் இளகத் தொடங்கி, 250-ஐத் தாண்டிய பிறகே முழுதாக உருகும். இடைப்பட்ட வெப்பத்தில் களிம்பாக இருப்பதால், செங்குத்தான தகட்டிலும் வழியாமல் நிற்கும். கொழுப்புத் தடவிய மரத்துடுப்பால் அதை வேண்டிய வளைவுக்கு இழுத்துவிடலாம். பிறகு அரத்தால் ராவ வேண்டும். மின்சாரச் சாணை பிடித்தால் ஈயத்தூள் காற்றில் பறந்து நுரையீரலுக்குப் போகும்.

ஈயம் பிடிப்பதற்காகத் தகட்டில் முதலில் பூசும் அமிலக் களிம்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் நன்றாகக் கழுவி எடுக்கிறார்கள். அது கொஞ்சம் தங்கினாலும் போதும், சில மாதங்களில் புதுப் பெயின்ட் கொப்புளிக்கும்.