கிரெடிட் உண்டா என்று முதலில் கேளுங்கள்

சென்ற வாரம் இன்னொரு தாய் வந்திருந்தார். மகள் இரண்டாம் ஆண்டு மாணவி. கோடை விடுமுறையில் மூன்று வாரம் கானாவுக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தொண்டுப் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். கட்டணம் 3,900 டாலர், விமான டிக்கெட் தனி. முன்பணமாகக் கட்டிய 500 டாலர் திரும்பி வராது என்று ரசீதிலேயே போட்டிருக்கிறார்கள். "காலேஜில் கேட்டால் நிதியுதவி கிடைக்கும் என்று பயணத்தை நடத்துகிறவர்கள் சொன்னார்களே, அம்மா" என்றார். இந்த ஆண்டில் இதே வார்த்தைகளை எத்தனை பெற்றோரிடம் கேட்டுவிட்டேன்!

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்து, வேறு கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோரும் அழைக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

ஃபாஃப்ஸா படிவம் நிரப்பி வாங்கும் மத்திய அரசின் உதவி, படிப்புக்காகத் தரப்படுவது. படிப்பு என்றால் உங்கள் பிள்ளையின் கல்லூரி பட்டத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கிரெடிட், அதாவது பாடத்துக்கான மதிப்புப் புள்ளி. அந்தப் பயணத்தைக் கல்லூரி ஏற்று கிரெடிட் வழங்கினால், பெல் மானியமும் (வசதி குறைந்த மாணவருக்கு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி) மாணவர் கடனும் கடல் கடந்தும் வரும். விமானக் கட்டணத்தைக்கூடப் படிப்புச் செலவில் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. கிரெடிட் இல்லையென்றால் ஒரு டாலரும் வராது. சான்றிதழ் தருகிறார்களே என்பார்கள். சான்றிதழ் கிரெடிட் ஆகாது. நூறு மணி நேரம் தொண்டு செய்ததாகக் கடிதம் தருவார்களாம், அதுவும் ஆகாது. வேறு ஏதோ பல்கலைக்கழகத்தின் கிரெடிட் உண்டாம்; அதை உங்கள் கல்லூரி ஏற்கும் என்று எழுத்தில் வாங்கினீர்களா? எவ்வளவு ஏழைப் பிள்ளைகளுக்கு உதவினாலும் இதில் மாற்றமில்லை. மனமிரங்கி நான் கையெழுத்துப் போட்டால், தணிக்கையில் அந்தப் பணத்தைக் கல்லூரி அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

கிரெடிட் இருந்தாலும் எண்ணிப் பாருங்கள். மத்திய அரசின் மாணவர் கடன் வேண்டுமானால் குறைந்தது அரைநேர மாணவராகப் பதிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் அதற்கு ஆறு கிரெடிட் தேவை. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கிளம்புவதற்கு இரண்டு வாரம் இருக்கையில் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு நான் எந்த வழியும் காட்ட முடிவதில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு சொல். உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு இந்த மத்திய உதவி எதுவும் கிடையாது. கல்லூரி விண்ணப்பத்தில் எடுப்பாகத் தெரியும் என்று நினைத்து ஐயாயிரம் டாலரைக் கிரெடிட் கார்டில் தேய்க்காதீர்கள். தொண்டு உள்ளூரில் நடந்ததா தொலைதூர நாட்டில் நடந்ததா என்பது முக்கியமில்லை, பிள்ளை அதில் எவ்வளவு ஆழமாக ஈடுபட்டது என்பதே முக்கியம் என்று ஹார்வர்ட் கல்வியியல் பள்ளி 2016இல் வெளியிட்ட அறிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. சேர்க்கை அலுவலகங்களைச் சேர்ந்த பலர் அதை ஆதரித்தார்கள். பக்கத்துத் தெரு உணவு வங்கிக்கு வாரந்தோறும் போய் வரும் பிள்ளையைத் தயவுசெய்து குறைவாக எண்ணாதீர்கள்.

கிடைக்கக்கூடிய பணத்தில் முதலில் பார்க்க வேண்டியது கில்மன் உதவித்தொகை. அமெரிக்க வெளியுறவுத் துறை தருவது, 5,000 டாலர் வரை. தேவை அதிகமுள்ள சில மொழிகளை அங்கே படித்தால் மேலும் 3,000 வரை கிடைக்கலாம். பெல் மானியம் பெறும் இளநிலை மாணவராகவும் அமெரிக்கக் குடிமகனாகவும் இருக்க வேண்டும். நம் குடும்பங்கள் பல இந்த இடத்தில்தான் இடறுகின்றன. கிரீன் கார்டு வைத்திருக்கும் பிள்ளை பெல் மானியம் பெறலாம், கில்மன் பெற முடியாது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டுமே இல்லை. போதாக்குறைக்கு, பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் பயணம் முடிந்து திரும்புவதற்கு முன் தூதரகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். பிள்ளையை விமானமேற்றும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

பிறகு, கல்லூரியின் வெளிநாட்டுப் படிப்பு அலுவலகமும் பிள்ளை படிக்கும் துறையும். அங்கே சிறு சிறு நிதிகள் இருக்கும். கேட்க ஆளில்லாமல் சில நிதிகள் ஆண்டு முடிவில் அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பட்டம் முடித்தபின் வெளிநாட்டில் தொண்டு செய்ய ஆசையிருந்தால், 1961 முதல் இயங்கும் அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான பீஸ் கோர் இருக்கிறது. ஏறக்குறைய 27 மாதச் சேவை. கட்டணம் கேட்க மாட்டார்கள். பயணச் செலவும் வாழ்க்கைப்படியும் மருத்துவமும் அவர்கள் பொறுப்பு.

பிள்ளையின் படிப்புக்கென வரிச்சலுகையோடு சேர்த்து வைக்கும் 529 சேமிப்பில் கை வைக்காதீர்கள். பயணச் செலவு அதில் தகுதியான செலவாகாது. எடுத்த தொகையில் வளர்ச்சியாக வந்த பங்குக்கு வரியும், அதன் மேல் 10 சதவீதமும் போகும். தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பயணத்துக்கு நிதி திரட்டுவது தவறில்லை. ஆனால் "வரிவிலக்கு உண்டு" என்று போடாதீர்கள். குறிப்பிட்ட ஒருவருக்கென்று தரும் பணம் அன்பளிப்பு. கொடுத்தவர் அதை நன்கொடைக் கழிவாகக் காட்ட முடியாது.

முன்பணம் கட்டுவதற்கு முன் எங்களைப் போன்ற ஓர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நிகழ்ச்சியின் பெயர், தேதி, கிரெடிட் எண்ணிக்கை, மொத்தச் செலவு, இவை போதும். நாங்கள் பதில் சொல்லத்தான் சம்பளம் வாங்குகிறோம்.

கானாவுக்குப் பெயர் கொடுத்திருந்த அந்த மாணவியிடம் எங்கள் பொதுச் சுகாதாரத் துறை நடத்தும் நான்கு வாரப் பாடம் ஒன்றைக் காட்டினேன். அதுவும் வெளிநாட்டில்தான், கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வேலை, கிரெடிட் உண்டு. பெல் மானியம் பெறுகிறாள், குடியுரிமையும் இருக்கிறது. கில்மன் விண்ணப்பத்துக்கான கட்டுரையின் முதல் வரைவை நேற்று அனுப்பியிருந்தாள். அந்த 500 டாலரைத் திரும்ப வாங்கத்தான் முடியவில்லை.